ரிவைவல் மேசை போடச் சேலத்தில் சாமான் வாங்குவது: எது தேறும், எது சொதப்பும்

பைபிளும் ஆப்பிரிக்க வழக்கமும் கலந்த ஜமைக்காவின் ரிவைவல் வழிபாட்டைக் கல்லூரி வகுப்பிலோ நாடக மேடையிலோ காட்ட வேண்டும் என்றால், அதில் நடுவே போட்டுச் சுற்றிவரும் மேசைக்கு வேண்டிய அத்தனையும் சேலத்திலேயே கிடைக்கும். ஆன்லைனில் 'கரீபியன் பொருள்' என்று தேடிக் காசைக் கரியாக்க வேண்டாம். துணிக்குப் பத்துக்கு ஒன்பது மார்க். பித்தளைக்கு எட்டு. பூ, இலை, பழத்துக்கு ஏழு. கேட்டு வாங்கத் தெரிந்தால் ஒன்பது. ரொட்டிக்கு ஆறு. மெழுகுவர்த்திக்கு ஐந்துக்கு மேல் போட மனசு வரவில்லை. டிரம்முக்கு மார்க் போடுவதுதான் சிக்கல். பேண்டு செட்காரர்களிடம் இருக்கும் கருவி அருமை. அதில் மாட்டியிருக்கும் தோலும் அவர்கள் கை பழகிய தாளமும் வேறு பக்கம் இழுக்கின்றன.

கடைக்காரர் எப்போதும் கண்ணுக்கு எடுப்பானதைத்தான் எடுத்துப் போடுவார். இந்த மேசையில் இருப்பவை கண்ணுக்காக வைத்தவை இல்லை. தண்ணீருக்கு ஒரு வேலை, மணிக்கு ஒரு வேலை, டிரம்முக்கு ஒரு வேலை என்று இருக்கிறது. அது தெரியாமல் பை நிறைய வாங்கி வந்தால் கொலு வைத்த மாதிரிதான் இருக்கும்.

கடைக்குக் கிளம்பும் முன் எந்த மேசை என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் ஜார்ஜியாவிலிருந்து 1783இல் ஜமைக்கா வந்த ஜார்ஜ் லைல், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினப் போதகர். அவர் தொடங்கிய பாப்டிஸ்ட் சபைகளிலிருந்து கிளைத்தவை நேட்டிவ் பாப்டிஸ்ட் கூட்டங்கள். அவற்றில் ஆப்பிரிக்க வழக்கமும் பைபிளும் பின்னிக்கொண்டன. 1860-61இல் தீவு முழுக்க ஒரு பெரிய எழுப்புதல் வந்தது. 1860இல் கிளம்பிய வழி சயான். 1861இல் கிளம்பியது புக்குமினா. சயான்காரர்கள் அழைப்பது வானத்துப் பக்கம்: தூதர்கள், தீர்க்கதரிசிகள், அப்போஸ்தலர்கள். புக்குமினாவில் தரை ஆவிகளும் இறந்துபோன முன்னோரும் வருவார்கள். முதல் தடவை போடுகிறவர்கள் சயான் வழியில் நன்றி செலுத்தப் போடும் மேசையை எடுத்துக்கொள்வது நல்லது. சாமான் குறைவு, தவறு செய்ய இடமும் குறைவு.

டிரினிடாட் தீவின் ஸ்பிரிச்சுவல் பாப்டிஸ்ட் வழிபாடு தனி. அதையும் இதையும் ஒரே மேசையில் கலக்கக் கூடாது. இரண்டும் வேண்டும் என்றால் இரண்டு இடமாகப் போடுங்கள்.

துணி

அம்மாபேட்டைப் பக்கம் போனால் போதும், வேறு எங்கும் அலைய வேண்டாம். ஆறு அடிக்கு இரண்டரை அடி மேசைக்கு எட்டு முழ வேட்டி இரண்டு. நீளவாக்கில் விரித்து, நடுவில் ஒரு சாண் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி போட்டால் நான்கு பக்கமும் நன்றாகத் தொங்கும், தையல் வேண்டாம். கரை இருக்கக் கூடாது. ஜரிகைக் கரையோ பச்சைக் கரையோ மேசை ஓரத்தில் ஓடினால் பார்க்கிறவர்களுக்குக் கல்யாணப் பந்திதான் ஞாபகம் வரும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. கரையில்லாத வெள்ளை என்று கேட்டதும் கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "துக்க வீட்டுக்குங்களா?" என்பார். ஆமாம் இல்லை என்று சொல்லும் முன்பே கஞ்சி ஏற்றிய, கண்ணறை பெரிதாக இருக்கும் கோடித் துணியை அளக்க ஆரம்பித்துவிடுவார். அது ஒரு தடவை நனைந்தால் வலை. "சர்ச் மேசைக்குங்க, லாங்கிளாத் காட்டுங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் நல்ல சரக்கு வெளியே வரும். வேட்டிக்குப் பதில் லாங்கிளாத்தே எடுத்தாலும் சரிதான். அகலம் குறைவு என்பதால் மூன்று துண்டு பிடிக்கும்.

தலைப்பாகைக்கு மல் துணி, ஆளுக்கு இரண்டரை முதல் மூன்று மீட்டர். ஆண், பெண் இருவருமே கட்டுவார்கள். வெள்ளையோடு சிவப்பும் நீலமும் இரண்டிரண்டு எடுத்துக்கொள்ளலாம். பாலியெஸ்டர் கலந்தது பளபளப்பாக இருக்கும், ஆனால் பத்து நிமிட ஆட்டத்தில் வழுக்கி நெற்றிக்கு வந்துவிடும். வாங்கியதும் ஒரு தடவை அலசிக் கஞ்சியைப் போக்கிவிட்டுத்தான் கட்ட வேண்டும். நம் பிள்ளைகள் கைப்பழக்கத்தில் முண்டாசு கட்டிவிடுவார்கள்; ஒரு பக்கம் சாய்ந்து, உச்சி திறந்து நிற்கும். ரிவைவல் கட்டு அப்படி இல்லை. மயிர்க்கோடு முழுக்க மூடி, பின்னந்தலையில் இறுக்கி, முனையை உள்ளே செருகுவது. இறுக்கத்துக்குக் காரணமும் இருக்கிறது. சிலர் தலைப்பாகையில் பென்சில் செருகிக்கொள்வார்கள். செயின்ட் ஆன் பகுதியில் வாட் டவுன் என்று ஒரு ஊர், ரிவைவல்காரர்களின் தலைமை இடம். எருசலேம் பள்ளிக்கூடம் என்று அதற்குப் பெயர். மார்ச் முதல் வியாழக்கிழமை நாலாபுறமிருந்தும் கூட்டங்கள் அங்கே யாத்திரை போகும். பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர்கள் என்பதால் பென்சிலும் அடிக்கோலும் உடன் போகும். ஆகவே ஸ்டேஷனரி கடையில் சாதாரண மரப் பென்சில் ஒரு பெட்டி. பால்பாயிண்ட் பேனா வேண்டாம், துணியில் மை இறங்கும்.

தண்ணீரும் கண்ணாடியும்

மேசையில் முக்கியமான சாமான் இதுதான், விலையும் இதற்குத்தான் குறைவு. வேலைப்பாடு எதுவும் இல்லாத, அடி கனமான கண்ணாடி டம்ளர் நான்கு, ஒவ்வொன்றும் 250 மில்லி. எவர்சில்வர் கூடவே கூடாது. ரிவைவலில் தண்ணீர் வழியாகத்தான் ஆவி வந்து தங்கும்; வைத்தியம் பார்க்கும் பாம் யார்டுகளில் டம்ளர் தண்ணீரைப் பார்த்தே நோயாளிக்கு என்ன குறை என்று சொல்வார்கள். உள்ளே தெரியாத பாத்திரத்தில் வைத்தால் அந்த வேலையே நடக்காது. பூப் போட்ட டம்ளரும் கட்டம் கட்டமாக வெட்டிய டம்ளரும் இதே காரணத்தால் தள்ளுபடி.

போர் தண்ணீர் ஊற்றினால் மறுநாள் டம்ளர் சுவரில் வெள்ளைப் படலம் நிற்கும். வடிகட்டிய தண்ணீரை நிகழ்ச்சிக்கு அரை மணி முன்பு ஊற்றினால் போதும். முந்தின இரவே ஊற்றி வைத்தால் சுவரில் குமிழ் ஒட்டிக்கொண்டு, பார்க்கிறவர்கள் அதற்கு அர்த்தம் கேட்க ஆரம்பிப்பார்கள்.

தண்ணீர் என்றதும் வகுப்பில் சொல்ல வேண்டிய ஆள் அலெக்சாண்டர் பெட்வர்ட். ஜமைக்காவின் ஆகஸ்ட் டவுனில் சபை நடத்தியவர். 1890களில் ஹோப் ஆற்றுத் தண்ணீரை ஆசீர்வதித்துக் கொடுத்து ஆயிரக்கணக்கானவர்களை இழுத்தார். 1921இல் கைது செய்து மனநல மருத்துவமனையில் அடைத்தார்கள். 1930இல் அங்கேயே இறந்தார். மேசையில் டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு மண்குடமும் வைத்தால் இதைச் சொல்ல வசதி.

பித்தளையும் மணியும்

இது டிரினிடாட் மேசைக்கு. ஸ்பிரிச்சுவல் பாப்டிஸ்ட் கோயில்களில் நடுக்கம்பத்தடியில் பித்தளைச் சொம்பும் பித்தளைத் தட்டும் இருக்கும். லோட்டா, தாரியா என்றே சொல்கிறார்கள். 1845 முதல் 1917 வரை கரும்புத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போன இந்தியர்கள் கொண்டுபோன பாத்திரங்கள், பக்கத்து வீட்டு வழிபாட்டிலிருந்து இங்கே நுழைந்தவை. சொம்பில் தண்ணீரும் பூவும் நிற்கும். அந்தத் தண்ணீரை மூலைகளில் தெளிப்பார்கள்.

முதல் அக்ரகாரத்துப் பாத்திரக் கடைகளில் எடை போட்டுத் தருவார்கள். அரை லிட்டர் பிடிக்கும் சொம்பு ஒன்று, ஒரு முழம் குறுக்களவில் விளிம்பு தூக்கிய தாம்பாளம் ஒன்று. அஷ்டலட்சுமி அடித்தது, மயில் பொறித்தது எல்லாம் முன்னால் வரிசையாக இருக்கும். வெறும் வழவழப்பானது உள்ளே அலமாரியில் இருக்கும், கேட்டால்தான் வரும். மேலே லேக்கர் பூசியதா என்று நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பூசியிருந்தால் மெழுகு பட்ட இடம் பழுத்துத் திட்டாகிவிடும், புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது. சொம்பைக் கடையிலேயே நிரப்பிக் காகிதத்தின் மேல் பத்து நிமிடம் வையுங்கள். அடிப் பற்றவைப்பு சரியில்லாதது அந்த நேரத்துக்குள் காட்டிக்கொடுத்துவிடும். கடைக்காரர்கள் இதற்குக் கோபப்படுவதில்லை.

மணிதான் இங்கே எல்லோரும் கோட்டை விடும் இடம். பூஜை சாமான் கடையில் கிடைக்கும் கைமணிகளின் பிடியில் நந்தியோ கருடனோ அனுமாரோ உட்கார்ந்திருப்பார். 'சின்னதுதானே, யார் பார்க்கப் போகிறார்கள்' என்று வாங்கிவிட்டால், அரங்கில் முதல் வரிசையே அதைப் பார்த்துக் கேட்கும். பள்ளிக்கூட மணி என்று கேளுங்கள், மரப்பிடியோடு வரும். வார்த்த மணியாக இருக்க வேண்டும். ஒரு தட்டுக்கு ஓசை ஐந்தாறு நொடி நிற்க வேண்டும். தகட்டில் அடித்த மணி 'டக்' என்று செத்துவிடும். நாக்கு கம்பி வளையத்தில் தொங்குகிறதா, நூலிலா என்று உள்ளே பார்த்துவிடுங்கள். நூல் என்றால் ஒரு மணி நேர ஆட்டலில் அறுந்து எங்காவது பறக்கும்.

இந்த மணியோசையும் கூவலும்தான் அந்த ஜனங்களைக் கோர்ட்டுக்கு இழுத்தன. அக்கம்பக்கத்தில் குடியிருக்க முடியவில்லை என்ற காரணம் காட்டி டிரினிடாட் அரசு 1917இல் ஷவுட்டர்ஸ் (கூவுகிறவர்கள், அதாவது ஸ்பிரிச்சுவல் பாப்டிஸ்ட்கள்) தடைச் சட்டம் போட்டது. செயின்ட் வின்சென்ட் தீவில் அதே மாதிரிச் சட்டம் 1912இலேயே வந்துவிட்டது. எல்டன் கிரிஃபித் தலைமையில் பல வருடம் போராடிய பிறகு 1951 மார்ச் 30இல் டிரினிடாட் சட்டம் நீங்கியது. 1996 முதல் அந்த நாள் அங்கே அரசு விடுமுறை. மணியைக் கையில் எடுக்கும் மாணவருக்கு இது தெரிந்திருந்தால் ஆட்டுவதில் ஒரு கனம் வரும்.

சாக்பீஸ் ஒரு பெட்டி, வெள்ளை மட்டும். தரையில் அடையாளங்கள் வரைவதற்கு. கோலமாவு எடுக்காதீர்கள், கை தானாகப் புள்ளி வைத்துவிடும். அதைவிட முக்கியம், புகைப்படத்தில் பார்த்த முத்திரையை அப்படியே நகல் எடுக்கக் கூடாது. பல முத்திரைகள் தனிப்பட்ட ஒருவருக்குத் தரிசனத்தில் கிடைத்ததாக நம்பப்படுபவை. சிலுவை, வட்டம் என்று பொதுவானதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மெழுகுவர்த்தியும் வாசனைத் தண்ணீரும்

கடைவீதியில் வெள்ளை எங்கும் கிடைக்கும். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சளுக்குக் கோவில் கடைகளைவிடச் சர்ச் பக்கத்துக் கடைகளே மேல். எந்த நிறம் எந்த ஆவிக்கு என்பது கூட்டத்துக்குக் கூட்டம் மாறும், அதனால் கடைக்காரரோ இணையமோ தரும் ஒரே பட்டியலை நம்பி அட்டை எழுதி வைக்காதீர்கள். சாயம் மேலே மட்டும் பூசியதா, உள்வரை இருக்கிறதா என்று அடியை லேசாகக் கீறிப் பாருங்கள். மேலே பூசியது எரியும்போது புகையும்.

சித்திரை, வைகாசியில் மெல்லிய மெழுகுவர்த்தி கொளுத்தாமலே வளைந்துவிடும். கட்டைவிரல் கனம் இருந்தால் தாங்கும். நேரே துணிமேல் வைக்காமல் மண் அகலில் மணல் போட்டு நிறுத்துங்கள். மின்விசிறியை நிறுத்தத்தான் வேண்டும். பார்வையாளர்களுக்கு வேர்க்கும், வேறு வழியில்லை.

அந்தப் பக்கம் புளோரிடா வாட்டர் என்ற வாசனைத் தண்ணீர் தெளிப்பார்கள். இங்கே மருந்துக் கடை ஓடிகோலோன் நெருங்கி வரும். பன்னீர் வேண்டாம், அந்த மணம் உடனே வரவேற்பு மேசைக்கு இழுத்துப்போய்விடும். ஓடிகோலோன் பெரும்பாலும் ஆல்கஹால், தீப்பிடிக்கும். மெழுகுவர்த்தி ஏற்றும் முன்பே தெளித்து, மூடி, மேசையைவிட்டு எடுத்துவிடுங்கள்.

பூ, இலை, பழம், ரொட்டி

வ.உ.சி. பூ மார்க்கெட்டில் பூவுக்குப் பஞ்சமில்லை, காம்புக்குத்தான் பஞ்சம். எல்லாம் உதிரி, இல்லையென்றால் சரம். ரிவைவல் மேசையில் பூ ஜாடியில் நிற்க வேண்டும். மாலை போடுகிற வழக்கம் இல்லை. சம்பங்கியைக் காம்போடு வேண்டும் என்று முந்தின நாளே சொல்லி வையுங்கள். ரோஜாவுக்குப் பொக்கே கடைதான்.

இலைக்கு ஏற்காடு. குரோட்டன்ஸ் இல்லாமல் ஜமைக்காவில் இந்த மேசை அமைவதில்லை. நர்சரியில் தொட்டியாகவே இரண்டு வாங்குங்கள், சிவப்பும் மஞ்சளும் ஓடிய அகல இலை ரகம். நிழல் வலைக்குள் வளர்ந்தது பச்சையடித்துக் கிடக்கும், வெயிலில் நிற்கும் தொட்டியைக் காட்டச் சொல்லுங்கள். ஒடித்ததும் பால் வடியும். வெள்ளைத் துணியில் பட்டால் காவிக் கறை, தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பு. வெட்டிய முனையைப் பதினைந்து நிமிடம் தண்ணீரில் நிறுத்தி, துடைத்த பிறகுதான் மேசைக்கு. கூடவே ரணகள்ளியும் இருந்தால் எடுங்கள், கட்டிப்போட்டால் குட்டிப்போடும் என்பார்களே, அதேதான். பாம் யார்டு வைத்தியத்தில் அதற்கு நல்ல இடம். பாகல் கொடியும் அங்கே கஷாயத்துக்குப் போகிற சரக்கு, அதுவும் உழவர் சந்தைக்காரரிடம் சொன்னால் கொண்டுவருவார்.

பழத்துக்கு எழுத ஒன்றுமில்லை. சேலத்தில் மாம்பழ சீசன் என்றால் பாதி வேலை முடிந்தது. வாழை, அன்னாசி, ஆரஞ்சு, இளநீர், கரும்பு. முழுசாக வையுங்கள், வெட்டி வைக்காதீர்கள். பக்கத்தில் கலர் சோடா நாலைந்து பாட்டில், அங்கேயும் அப்படித்தான்.

ரொட்டி விஷயத்தில் பேக்கரிகள் கொஞ்சம் மெத்தனம். பின்னல் ரொட்டி, பறவை வடிவ ரொட்டி எல்லாம் அங்கே மேசைக்கென்றே சுடுவார்கள். இங்கே படத்தைக் காட்டினால், "செஞ்சிரலாம் சார்" என்று உடனே ஒத்துக்கொண்டு, சாண்ட்விச் பிரெட்டுக்குப் பிசைந்த மாவிலேயே பின்னிவிடுவார்கள். அது இளக்கமான மாவு. அடுப்பில் ஊதிப் பின்னல் கரைந்து, தலையணை மாதிரி வந்து நிற்கும். ஒரு கிலோ மைதாவுக்குப் பாலும் தண்ணீருமாக 500 மில்லிக்கு மேல் போகக் கூடாது என்று சொல்லுங்கள். பின்னிய பிறகு இரண்டாவது முறை பொங்க விடுவதையும் முழுசாக விடாமல் முக்கால் பங்கில் நிறுத்தி அடுப்பில் ஏற்ற வேண்டும். மேலே பால் தடவினால் நிறம் வரும். இரண்டு நாள் முன்பு சொல்லி, ஒரு கிலோவில் இரண்டு பின்னல் போடச் சொல்வது போதும்.

டிரம்

சேலத்துக்காரர்கள் முதலில் நினைப்பது பறையும் பம்பையும்தான். நல்ல கருவிகள், இந்த வேலைக்கு ஆகாது. கயானாவில் மதராஸ் வழிக் காளியம்மன் கோயில்களில் தப்பு அடிக்கிறார்கள், அது நம்மவர்கள் கொண்டுபோன வேறு வழிபாடு. கையால் அடிக்கும் தோல் டிரம் என்றால் ஜமைக்காவின் குமினா என்ற வழிபாடு, அதுவும் வேறு. ரிவைவல் சயானில் பேஸ் டிரம் ஒன்று, சைடு டிரம் ஒன்று. கல்யாண பேண்டு செட்டில் வருகிற அதே ஜோடி. ராணுவ பேண்டிலிருந்து ஊருக்குள் இறங்கிய கருவி அங்கேயும் இங்கேயும் ஒன்றே. ஆகவே தேட வேண்டியது பேண்டு செட்டை.

பேச்சு வார்த்தை இப்படித்தான் போகும்: டிரம்பெட், கிளாரினெட், லைட் குடை எல்லாம் சேர்த்து ஒரு ஃபங்ஷனுக்கு ஒரே ரேட். இரண்டு டிரம்மும் இரண்டு ஆளும் மட்டும் போதும் என்று சொன்னால் பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள். வைகாசி, ஆவணி, தை முகூர்த்த நாளில் கேட்கவே கேட்காதீர்கள். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆனால் கோட்டை மாரியம்மன் பண்டிகையில் ஊரே அதிரும், ஒரு டிரம்மும் சும்மா இருக்காது. மார்கழி முதல் வாரம், வார நாள் என்றால் ஆளும் கிடைப்பார்கள், ரேட்டும் இறங்கும். கிறிஸ்துமஸ் நெருங்கினால் திரும்ப ஏறிவிடும்.

இப்போது எல்லா செட்டிலும் பிளாஸ்டிக் தோல்தான். மழைக்குப் பயமில்லை, கல்யாண ஊர்வலத்தில் தெருக்கோடிவரை கேட்கும். மூடிய அரங்கில் அந்தச் சத்தம் காதைக் கிழிக்கும், அடி வயிற்றில் எதுவும் இறங்காது. ஜமைக்காவில் ஆட்டுத்தோல் போர்த்துவதே வழக்கம். தவிலுக்கும் பறைக்கும் தோல் கட்டுகிறவர்களிடம் பேண்டு டிரம் வளையத்தைக் கழற்றிக் கொடுத்தால் மாட்டித் தருவார்கள். 24 அங்குலப் பேஸ் டிரம்முக்கு 30 அங்குலத் தோல், 14 அங்குலச் சைடு டிரம்முக்கு 18 அங்குலம். முதுகுக்கோடு நடுவே ஓட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் தொளதொளக்கும். ராத்திரி முழுக்க ஊறிய தோலை வளையத்தில் மடித்து, லேசான இழுப்பில் நிழலில் இரண்டு நாள் காய வைக்க வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் காய வைத்தால் ஓரம் சுருங்கி வளையத்தைவிட்டு வெளியே வந்துவிடும். பிளாஸ்டிக் தோலைப் பத்திரமாகக் கழற்றி வைத்து, நிகழ்ச்சி முடிந்ததும் மாட்டித் திருப்பித் தருவதாக முன்பே பேசிக்கொள்ளுங்கள். இது பேசாமல் விட்டால் அட்வான்ஸ் திரும்பாது.

முறுக்குவது ஒரு திருகை முடித்துவிட்டு அடுத்த திருகு என்று சுற்றிவரக் கூடாது. எதிரெதிர்த் திருகுகளாக, கால் சுற்று கால் சுற்றாக. பேஸ் டிரம் தொய்வுக்கு ஒரு படி மேலே நின்றால் போதும். நிறைய இறுக்கினால் தபேலா மாதிரி பேசத் தொடங்கும். அடிக்கும் கோலின் தலையில் பழைய கம்பளித் துணியை இரண்டு சுற்றுக் கட்டுங்கள்.

ஏற்காட்டில் நிகழ்ச்சி என்றால் தோல் படுத்துவிடும். பனி இறங்கிய அரை மணியில் தோல் ஈரத்தைக் குடித்துத் தொய்ந்துவிடும். பறையைக் காய்ச்சுவதுபோல் நெருப்பில் நேராகக் காட்டாதீர்கள், பலகையும் வார்னிஷும் பாழ். நூறு வாட் குண்டு பல்பை இரண்டு அடி தள்ளி வைத்து இருபது நிமிடம் காய்ச்சினால் எழும்பும். நிகழ்ச்சி முடிந்து மலை இறங்கும் முன் திருகுகளைத் தளர்த்திவிடுங்கள். மேலே இறுக்கிய தோல் சேலத்து வெயிலில் காய்ந்ததும் கிழியும்.

அடுத்தது ஆட்கள். பேண்டு செட் கலைஞர்கள் கெட்டிக்காரர்கள், ஆனால் வரிக்கு வரி ஒரு உருட்டு உருட்டி முடித்துவைக்கப் பழகியவர்கள். இங்கே முடிவே கூடாது. பேஸ் டிரம் மிதிக்கும் காலோடு போக வேண்டும், சைடு டிரம் அதன் இடைவெளியை நிரப்ப வேண்டும். "அண்ணே, தலைவர் காலைப் பாருங்க, பாட்டைக் கேக்காதீங்க" என்ற ஒரே வாக்கியம் அரை மணி ஒத்திகையை மிச்சப்படுத்தும். பாட்டுக்குச் சிரமமில்லை. அங்கே பாடுவதில் பெரும்பங்கு அமெரிக்கப் பாடகர் சாங்கி தொகுத்த கீர்த்தனைகள். பாடலுக்கே சாங்கி என்றுதான் பெயர். சேலம் சபைகளின் பாடகர் குழுக்களுக்குப் பல மெட்டுகள் தெரிந்தவைதான். தலைவர் ஒரு வரியைச் சொல்ல, எல்லோரும் அதை இழுத்துப் பாட வேண்டும். நான்கு குரல் ஒத்திசைவை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். 1950களில் இதையெல்லாம் களத்தில் போய்ப் பதிவு செய்த எட்வர்ட் சியாகா பின்னாளில், 1980 முதல் 1989 வரை, ஜமைக்காவின் பிரதமராக இருந்தார் என்பது பாடகர் குழுவை உற்சாகப்படுத்தும் உபரிச் செய்தி.

சுற்றும் திசை

மேசையைச் சுற்றி நாலு பக்கமும் நாலடி விடுங்கள். ஆறுக்கு இரண்டரை மேசைக்குப் பதினான்குக்குப் பதினோரு அடி வெற்றிடம். எட்டுப் பேர் தாராளமாகச் சுற்றலாம். சுற்றுவது இடமாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராக. சேலத்துப் பிள்ளைகள் பத்துக்குப் பத்துப் பேர் வலமாகத்தான் கிளம்புவார்கள், அதுவும் டிரம் சூடேறியதும் ஒத்திகையை மறந்துவிட்டு. தரையில் சாக்பீஸால் அம்புக்குறி போட்டு வைப்பது வெட்கமில்லை.

இடுப்பை மடக்கிக் குனிந்து நிமிர்ந்து, காலை ஓங்கி மிதித்து, மூச்சைக் கேட்கும்படி உள்ளே இழுத்து வெளியே முனகித் தள்ளுவதை டிரம்பிங் என்பார்கள். மிதியைக் காட்டலாம். மூச்சை முழுசாகக் காட்டுவதில் எச்சரிக்கை வேண்டும். வேகமாக, ஆழமாக மூச்சுவிட்டுக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை சுற்றும், உதடும் விரல் நுனியும் மரத்துப்போகும். இரண்டு நிமிடத்துக்கு மேல் கூடாது. ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களுக்கு அதுவும் கூடாது. ஓரத்தில் நாற்காலியும் ஒரு ஆளும் இருக்கட்டும்.

வாங்கவே கூடாதவை

பின்னணிக்கு பிளெக்ஸ் அடிக்கக் கொடுத்தால் டிசைனர் 'கரீபியன்' என்று தேடி, மண்டையோடும் ஊசி குத்திய பொம்மையும் போட்ட படத்தை எடுத்து வைப்பார். அது ஹைட்டியின் வோடு வழிபாட்டைப் பற்றி சினிமாக்காரர்கள் கட்டிய கதை, இதற்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. படம் வேண்டுமென்றால் கேபோ என்று அறியப்பட்ட மல்லிகா ரெனால்ட்ஸின் ஓவியம் ஏதாவது ஒன்றை அனுமதி வாங்கிப் போடலாம். 1911இல் பிறந்து 1989இல் மறைந்த அவர் ஓவியர், சிற்பி, ரிவைவல் சயான் தலைவரும்கூட. அனுமதி கிடைக்காவிட்டால் வெறும் வெள்ளைத் துணி.

ஸ்பிரிச்சுவல் பாப்டிஸ்ட்களின் மோர்னிங் (துக்கம் காத்தல்) சடங்குக்கான கண்கட்டுத் துணிகளைத் தைத்துத் தருவதாகச் சில தையல்காரர்கள் சொல்வார்கள். பல நாள் உபவாசமிருந்து, கண்ணைக் கட்டிக்கொண்டு தரையில் கிடந்து, ஆவியில் ஆப்பிரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் பயணம் போய் வருகிற தவம் அது. பக்கத்தில் வழிகாட்டி ஒருவர் இல்லாமல் யாரும் இறங்குவதில்லை. மேடையில் ஒரு மாணவரைக் கண்ணைக் கட்டிப் படுக்கவைத்துப் பத்து நிமிடத்தில் எழுப்பிக் காட்டுவது அந்த ஜனங்களைக் கேலி செய்வதில்தான் முடியும். மடித்த துணி ஒன்றைத் தாம்பாளத்தில் வைத்து வாயால் விளக்கினால் போதும், அதற்கு அம்மாபேட்டையில் எடுத்த மல் துணியின் மிச்சமே காணும்.